மரபுச் சாய்வு

அறிவுலகத்துக்குப் பல்கலைக்கழகங்கள் ஆற்றிய தொண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு சலூன் ஆற்றிய தொண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இந்த மாபெரும் அநீதியை இன்றே களைந்துவிடுவோம்.

சலூன் இருந்தது சுரங்கத் தெருவில். காலனி ஆட்சிக் காலத்தில் ஒரு கம்பெனி அந்தத் தெருவுக்கு அடியில் தாமிரம் தோண்டியது. தாமிரம் தீர்ந்ததும் துரைமார் கப்பலேறினார்கள். பள்ளத்தை மட்டும் பெருந்தன்மையோடு ஊருக்கே விட்டுக்கொடுத்தார்கள். அன்று முதல் குழாயில் செங்கல் கரைத்தது போலத் தண்ணீர் வந்தது. சலூனின் தரை இடப்பக்கமாக இறங்கிக்கொண்டே போனது. நாற்காலி சாய்ந்தது, அதில் உட்கார்ந்த தலை சாய்ந்தது, வெட்டிய கிராப்பும் சாய்ந்தது.

சலூன்காரரின் மனைவி நகராட்சிக்கு நடையாய் நடந்து ஒரு வரம் வாங்கி வைத்திருந்தாள். லாரி லாரியாக மண் கொட்டிச் சுரங்கத்தை மூடித் தருவார்கள்.

மண் வரவிருந்த வாரம் பார்த்துத்தான் 'காலனியச் சுரங்கங்களின் பண்பாட்டு, சுற்றுச்சூழல் எச்சங்கள்' பற்றிய ஆய்வுக்குழு வந்து இறங்கியது. குழாய்த் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்து 'வரலாற்றுச் செம்மை' என்று சீட்டு ஒட்டினார்கள். தாங்கள் குடிக்க வெளியூரிலிருந்து கேன் வரவழைத்தார்கள்.

குழுத் தலைவரான பேராசிரியர் சவரத்துக்கு உட்கார்ந்தவர், ஒரு கன்னம் நுரையோடு துள்ளி எழுந்தார்.

"சார், அசையாதீங்க, கத்தி!"

"கத்தி கிடக்கட்டும். இந்தத் தெருவுல எல்லார் கிராப்பும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கே, ஏன்?"

"தரை கோணல் சார். மன்னிச்சுக்குங்க, நேராக்கிடறேன்."

"நேராக்குறதா? ஐயா, இது அந்நிய ஆட்சி இந்த மக்களுக்கு எழுதின தலையெழுத்து! அதுவும் தலையிலேயே எழுதியிருக்கு!"

சலூன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் உச்சி குளிர்ந்துவிட்டது. அதுவரை அவருடைய கோணல் கிராப்பைத் திட்டியவர்கள்தான் உண்டு. இப்போது அதற்கு 'மரபுச் சாய்வு' என்று பெயர். அவருக்கு 'வாழும் எச்சம்' என்று பட்டம்.

"எச்சம்னா காக்கா போடுறதுதானே?" என்றாள் மனைவி. "அதுக்குப் போய் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"உனக்கு ஆய்வு பாஷை தெரியாது. கம்முனு இரு."

மண் லாரி வந்தபோது பேராசிரியர் குறுக்கே போய் நின்றார்.

"மண்ணைக் கொட்டுனா சாய்வு போயிடும். சாய்வு போனா ஆய்வும் போச்சு!"

"கொட்டலன்னா கடையே உள்ள போயிடும் சார்," என்றாள் மனைவி.

"கவலைப்படாதீங்கம்மா. அதையும் பதிவு பண்ணிடுவோம்."

கடைக்குச் சொந்தக்காரரான சலூன்காரர்தான் முடிவு சொல்ல வேண்டும். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். குழுவின் கேமராவைப் பார்த்தார். கேமராதான் சிரித்த முகமாகத் தெரிந்தது. "வண்டியைத் திருப்புங்க," என்று லாரிக்காரரிடம் சொல்லிவிட்டார். மனைவி அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

பாராட்டு விழா சலூனுக்குள்ளேயே நடந்தது. சாய்வை 'உள்ளங்காலால் உணர்வதற்காக' மொத்தக் குழுவும் இடது மூலையில் நெருக்கியடித்து நின்றது. பேராசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம் ஆய்வு இன்னும் ஆழமாகப் போக வேண்டும்!"

போனது.

தரை, நாற்காலி, கண்ணாடி, சலூன்காரர், குழு என்று எல்லாம் மொத்தமாக இறங்கி, இடுப்பளவு செஞ்சேற்றில் போய் நின்றன. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. மேலே விளிம்பிலிருந்து மனைவி ஏணியை இறக்கினாள்.

"நீங்க ஏறி வாங்க," என்று லாரி திரும்பிய நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் கணவனிடம் பேசினாள். பிறகு பேராசிரியரைப் பார்த்து, "சார், நீங்க இருந்து நிதானமா பதிவு பண்ணிட்டு வாங்க," என்றாள்.

ஆய்வறிக்கை வழவழப்பான தாளில் வெளிவந்தது. சலூன் அழிந்ததற்கு முழுப் பொறுப்பும் துரைமாருடையதே என்று ஆணித்தரமாக நிறுவியிருந்தார்கள். கடையில்லாத சலூன்காரர் அதை மனைவியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"லாரியைத் திருப்பி அனுப்புனது வருதா?"

"வரல."

"நம்மளைப் பத்தி?"

"நன்றின்னு ஒரு வரி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குழு கடைசிவரை ஒரு பிடி மண்கூடப் போடவில்லை என்று இன்றைக்கும் சிலர் புறம் பேசுகிறார்கள். நன்றிகெட்டவர்கள். தாராளமாகவே போட்டார்கள். சுரங்கத்தில் அல்ல, ஒரு மனிதர் பிழைப்பில்.