பாப்பாவின் முதல் வார்த்தை பற்றி அண்ணன் தரும் விளக்கம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அண்ணியும் பாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பயிற்சிக்குப் போன இடத்தில் நீயும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், மீதியைக் கேட்கமாட்டாய். கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும். உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

பாப்பாவை என்னிடம் விட்டுப் போகும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூன்றரை வயதாகியும் குழந்தை வாய் திறக்கவில்லை, காதில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், என்றைக்கு வேண்டுமானாலும் பேசிவிடுவாள், அதனால் அவள் காதில் நல்ல வார்த்தை மட்டுமே விழவேண்டும். "முதல் வார்த்தை அம்மான்னு வரணும்ண்ணா. உன் வாயை மட்டும் கொஞ்சம் கட்டிவை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நானும் தலையாட்டினேன். ஆனால் நீயே சொல், ரிப்பேர் கடை வைத்திருப்பவன் வாயை எப்படிக் கட்டுவது? என் கடைக்கு ஒழுங்காக ஓடுகிற சாமான் ஒன்றாவது வருகிறதா? வருவதெல்லாம் சொன்ன பேச்சு கேட்காததுதான். சுற்றாத ஃபேன் எனக்குச் சண்டி, அலறுகிற மிக்ஸி ராங்கிக்காரி, கழலாத ஸ்குரூ எமகாதகன், வைத்த இடத்தில் நிற்காத எதுவும் அடங்காப்பிடாரி. திட்டினால்தான் எனக்குக் கையே ஓடும்.

இருந்தாலும் உனக்காகக் கட்டினேன். "செல்லமே, ஒரு சுத்து சுத்தேன்" என்று ஒரு ஃபேனிடம் கெஞ்சினேன். அதைக் கொண்டுவந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஃபேனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாப்பா மூலையில் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். சிரிப்பாள், சத்தம் மட்டும் வராது. எனக்கு வாய் தவறினால் உள்ளேயிருந்து உன் அண்ணி "க்கும்" என்று செருமுவாள், நான் முழுங்கிக்கொள்வேன். எத்தனை முழுங்கினேன், எத்தனை வெளியே போச்சு, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

போன வியாழக்கிழமை ஒரு வாஷிங் மெஷின் வந்துச்சும்மா. துணி பிழியற நேரத்துல நடக்குதாம், அதான் கம்ப்ளெயின்ட். அந்த வீட்டுல அதைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில கட்டியே வெச்சிருந்தாங்களாம். நானும் ஈரத்துணியைப் போட்டு ஓட்டிவிட்டுட்டு, மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து ஸ்பேனர் தேடினேன், அவ்வளவுதான், கடகடன்னு ஆடி, ஒரு குதி குதிச்சு, நேரா பாப்பா இருந்த மூலையைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுடுச்சு. அவளுக்குப் பின்னாடி சுவர், பக்கத்துல பழைய ஃபிரிட்ஜ், முன்னாடி இது. பிளக்கு எனக்கு எட்டாத பக்கம். மேஜை மேல ஏறித் தாண்டலாம்னு பாத்தா சட்டை மேஜையில பொருத்தின இடுக்கியில மாட்டிக்கிச்சு. கத்தணும்னு பாக்கறேன், இத்தனை நாள் கட்டி வெச்ச வாய் திறக்கவே மாட்டேங்குது. நல்ல வார்த்தையா ஒண்ணு தேடறேன், மத்ததெல்லாம் முண்டியடிச்சுக்கிட்டு வருது, அதை வேற முழுங்கறேன். மெஷின் ஸ்டூலைத் தொடற அளவுக்கு வந்துடுச்சு. அப்போ பாப்பா எழுந்து நின்னா. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, கணீர்னு சொன்னா.

"நில்லுடி, அடங்காப்பிடாரி!"

நின்னுடுச்சு. வயர் இழுபட்டு பிளக்கு பிடுங்கிக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல. பாப்பாவுக்கு அது தெரியுமா? தான் சொன்னதும் அடங்கிடுச்சேன்னு அதை ரெண்டு தட்டு தட்டிட்டு மறுபடி ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிட்டா. உன் அண்ணி ஓடிவந்து "பேசிட்டா, பேசிட்டா"ன்னு அவளைக் கட்டிக்கிட்டு அழறா. நான் மேஜை மேலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நீ இத்தனை வருஷம் ஏங்கிக் காத்திருந்த அந்த முதல் வார்த்தை, அதைக் கெடுத்து வெச்சுட்டேனே பாவி!

அதோட விட்டுதா? சாயந்திரம் பேச்சுப் பயிற்சி டீச்சர் வந்தாங்க. நம்ம வாசல் தாழ்ப்பாள் உனக்குத்தான் தெரியுமே, இழுத்தா வராது. பாப்பா உள்ளேயிருந்து அதையும் அதே பேர் சொல்லித் திட்டினா. டீச்சர் தன்னைத்தான்னு நெனச்சுட்டாங்க. உனக்குப் போன் பண்ணப்போறாங்களாம். அதுக்கு முன்னாடி என் வாயாலேயே நீ தெரிஞ்சுக்கணும். அன்னிக்கே சத்தியம் பண்ணிட்டேன், இனிமே எந்தச் சாமானையும் ஒரு வார்த்தை திட்டமாட்டேன். இந்த அண்ணனை மன்னிச்சுடும்மா.

அண்ணி உன்னை மிகவும் விசாரித்தாள். நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், பயிற்சியை நல்லபடியாக முடித்து மேலே மேலே வா.

ஆசிகளுடன்,
இனி வாயே திறக்காத
உன் அண்ணன்

பின்குறிப்பு: இதை எழுதிட்டு, அனுப்ப தைரியம் இல்லாம சட்டைப்பையிலேயே வெச்சிருந்தேன். நான் வாயைக் கட்டினதுலேர்ந்து பாப்பாவும் ஒரு வார்த்தை பேசல. பழையபடி ஆயிட்டாளோன்னு எனக்குச் சோறு இறங்கல. இன்னிக்குக் காலைல உன் விலாசம் எழுத உட்கார்ந்தேன், பேனா எழுதல. உதறினேன், எழுதல. என்னையும் மீறி "எழுதுடா சண்டி!"ன்னுட்டேன். பாப்பா ஓடிவந்து மடியில ஏறி, "சண்டி, சண்டி"ன்னு பேனாவை அடிக்கறா! அதனால மேல எழுதின சத்தியத்தையும் மன்னிப்பையும் வாபஸ் வாங்கிக்கறேன். கடையில மறுபடி வாய் திறந்தாச்சு. உன் அண்ணியும் செருமறதை விட்டுட்டா. "அம்மாவுக்கு என்னடா எழுதட்டும்?"னு பாப்பாகிட்ட கேட்டேன். வாசலைப் பாத்தா. "அம்மா சண்டி"ன்னா. ஏன்னு கேட்டேன். "வரல"ன்னா.

அம்மான்னு சொல்லிட்டாம்மா. எப்படியாவது லீவு கேட்டு ஒரு தடவை வந்துட்டுப் போ.