மூன்று மெஷின் முதலாளி

"இந்தக் கதிரையில இருந்துகொண்டு நான் என்ன செய்ய?" என்றாள் கனகேஸ்வரி.

"முதலாளி மாதிரி இரும். அது காணும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

வெள்ளவத்தையில் இருந்த அவருடைய தையல் பட்டறைக்கு இரண்டு மாதமாக ஓடர் இல்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி வர வியாபாரிகளுக்கு அலுப்பு. அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில் விரிப்புத் தைக்கும் வேலை இருந்தது. ஆனால் அது பெண்கள் நடத்தும் நலிந்த தொழில்களுக்கு மட்டும். அதற்கு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். கிடைக்காவிட்டால் பட்டறையில் தைக்கும் இராமலெட்சுமியும் மற்ற ஒன்பது பெண்களும் சொந்த ஊரான ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆகவே பட்டறை மனைவி கனகேஸ்வரியின் பெயருக்கு மாறியது. இன்றைக்குப் பரிசோதகர் வருகிறார்.

காலையில் பட்டறையைச் சுற்றிப் பார்த்த ஸ்ரீஸ்கந்தராசாவுக்குச் சந்தேகம் பிடித்தது.

"பத்து மெஷின் கிடக்கு. ஆரப்பா எங்களை நலிஞ்ச ஆக்கள் எண்டு நம்புவான்?"

பக்கத்து வீட்டு ஷபீகா கணவனை இழந்தவள். பிள்ளைச் சட்டை தைத்து விற்பவள். அவளுடைய கூடத்துக்கு ஏழு மெஷின்கள் போயின. ஏழு பெண்களும் கூடவே போனார்கள்.

"பெரிய ஐயா ஒராள் வருவார். மூச்சுக் காட்டப்படாது," என்று எச்சரித்துவிட்டு வந்தார்.

பரிசோதகர் ஜீப்பில் வந்தார். அதில்தான் எல்லாம் பிழைத்துப்போனது.

"ஜீப்புடி! ஐ.சி.ய எடுங்க!" என்று இராமலெட்சுமி கத்தினாள். சோதனைக்கு வரும் ஆமி ஜீப்பின் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு பேரும் ஒழுங்கைக்கு ஓடிவந்து, அடையாள அட்டையை நீட்டியபடி மதிலோரம் வரிசையாக நின்றார்கள்.

பரிசோதகர் திகைத்துப்போனார். "இவங்க யாரு?"

"அது... பக்கத்து வீட்டு அம்மாவின்ர வேலைக்காரர், மாத்தயா!" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

வாசலுக்கு வந்த ஷபீகாவைப் பரிசோதகர் பார்த்தார். அவள் ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கும்பிட்டார்.

"ஓம் மாத்தயா, எல்லாம் நம்மட புள்ளைகள்தான்."

உள்ளே மூன்று மெஷின்களைப் பார்த்துவிட்டுப் பரிசோதகர் கேட்டார்: "மூணு மெஷின்ல ஆயிரம் விரிப்பு எப்ப தைச்சு முடிக்கிறது?"

கனகேஸ்வரி கணவனைப் பார்த்தாள்.

"மெல்ல மெல்லத்தான், மாத்தயா," என்றார் அவர் குரலைத் தளர்த்தி. "நலிஞ்ச ஆக்கள்தானே நாங்கள்."

பரிசோதகர் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஆள் நம்பிட்டார்!" ஸ்ரீஸ்கந்தராசா கையைத் தேய்த்துக்கொண்டார். "எழும்பும், நல்ல பால் தேத்தண்ணி ஊத்தும். திரும்பி வருவார்."

தேநீரில் ஆடை படர்ந்தது. ஜீப் போகும் சத்தம் கேட்டது. பரிசோதகர் திரும்பி வரவில்லை.

மதிலுக்கு மேலே ஷபீகாவின் முகம் தெரிந்தது.

"ஸ்ரீ அண்ணே, போன வருஷம் ஒத்த மெஷின் பத்தாதுன்னு என்னைய திருப்பி அனுப்பின மாத்தயா, இன்னைக்கு என் பேருக்குப் பத்திரம் தந்துட்டுப் போறாரு, அந்த மூணு மெஷினையும் தூக்கிட்டு வாங்க, நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஒங்களுக்கும் வேலை ஈக்கு!"