கோப்பைக்கு அடியில் பியூட்டேன்

ஐந்து கைகள் முளைத்த ஒரு கார்பனுக்காக ஒரு பெண்மணியின் வேலையைப் பறிப்பது நியாயமா? வேதியியலில் பட்டம் வாங்கிய நாளில், இப்படியொரு கேள்வி என்னை வழிமறிக்கும் என்று நான் எண்ணியதில்லை. மறிக்கவைத்தவர் சங்கிலியக்கா.

விருத்தாசலத்தில் களிமண்ணைத் தொட்டவர்களில், எதையும் பின்னாலிருந்தே படிக்கும் இன்னொருவர் பிறந்திருக்க வாய்ப்பில்லை. நான் மேற்பார்வை பார்க்கும் பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுபவர் அவர். கழுத்தில் சங்கிலி கிடையாது. பெயருக்குக் காரணம் கார்பன் சங்கிலி. பள்ளியில் தவறவிட்ட பிளஸ் டூ வேதியியலை நாற்பது வயதுக்குமேல் தனித்தேர்வராக எழுதக் கிளம்பியவர், ஒரு கரிமச் சேர்மத்தின் பெயர் காதில் விழுந்தால் அதன் அமைப்பு வாய்பாட்டை வரையாமல் அடுத்த வாய் டீ குடிக்கமாட்டார்.

“பேர வாலுலருந்து படிக்கணும் சார். வாலுலதான் வூடு இருக்குது. முன்னால இருக்கறதெல்லாம் வந்து ஒட்டிக்கிட்ட சொந்தக்காரங்க” என்பார். பியூட்டேன் என்று முடிந்தால் நான்கு கார்பன்கள் கொண்ட வீடு. மெத்தில் என்பது அதில் ஒண்டிக்கொண்ட ஒற்றைக் கார்பன். முன்னால் வரும் எண், எந்த அறையில் ஒண்டியிருக்கிறது என்பதற்கான விலாசம்.

ஒருமுறை ரேஷன் கடை வரிசையில், கடைசி ஆளாக நின்ற அக்காவுக்கு முன்னால் இருந்தவர் வெயிலுக்குப் பயந்து வரிசையை விட்டு ஓரமாக, ஒரு கிளைபோல விலகி நின்றிருக்கிறார். கிளை எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ அங்கிருந்துதான் எண் போட வேண்டும் என்று சொல்லி, அக்கா தன்னையே முதல் ஆளாக அறிவித்துக்கொண்டார். வரிசையில் நின்ற நல்லூர்க்காரர் ஒருவர் நிதானமாகச் சொன்னாராம்: “நம்பரு நீ எங்கருந்து வேணா போடும்மா. அரிசி இந்தப் பக்கத்துலருந்துதான் போடுவாங்க.”

வரைந்து பழக அவருக்கு நோட்டு தேவைப்படவில்லை. சுடாத கோப்பைகளின் அடியில் பென்சிலால் வரைவார். சூளைக்குள் போனதும் பென்சில் எரிந்து மறைந்துவிடும். ரப்பர் மிச்சம் என்பது அவர் கணக்கு. ஒருநாள், பூ வரைபவர் வைத்திருந்த, சூட்டில் அழியாத வண்ணப் பென்சிலைத் தவறுதலாக எடுத்துவிட்டார். சுடும்வரை இரண்டும் ஒரே கருமைதான். சூளையைத் திறந்தபோது, ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய கோப்பைகளின் அடியெல்லாம் நீல நிறத்தில் கோடுகளும் எழுத்துகளும் ஜொலித்தன.

முதலாளி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்து வெளிறிப்போனார். “கல்யாண வூட்டுக்குப் போற கப்புல எவன்யா தகடு எழுதி வெச்சது?”

செய்வினை இல்லை, வேதியியல் என்று நான் விளக்கியதும் அச்சம் போய்க் கோபம் வந்தது. யார் செய்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினால் அன்று மாலையே அக்காவுக்கு வேலை போய்விடும். அந்த வேலையை நம்பித்தான் அவர் குடும்பம் நடந்தது.

அக்காவோ கோப்பைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 2,2-டைமெத்தில்பியூட்டேன் வந்ததும் கண்கள் கலங்கிவிட்டன. இரண்டாவது கார்பனுக்கு இருபுறமும் அண்டைக் கார்பன்கள், மேலும் கீழும் மெத்தில்கள். கார்பனுக்கு உள்ள நான்கு கைகளும் அதோடு நிறைந்துவிட்டன. பழக்கதோஷத்தில் ஒரு ஹைட்ரஜனையும் மாட்டியிருந்தார்.

“வேலைய வுட்டு அனுப்பறதுன்னா அனுப்பட்டும் சார். இத மட்டும் ஒடச்சிடுங்க. கார்பனுக்கு அஞ்சு கை போட்டுட்டேன். படிச்ச புள்ளைங்க யாராவது பாத்தா என்னா நெனைக்கும்?”

மன்னித்தால் நாளை ஆளுக்கொரு ஓவியம் வரையக்கூடும். தண்டித்தால் ஒரு வீட்டில் உலை கொதிக்காது. இரண்டையும் நிறுத்துப் பார்க்கையில், மூன்றாவதாக ஒன்று உறைத்தது. சூளைக்குமுன் ஒவ்வொரு கோப்பையையும் கவிழ்த்துப் பார்ப்பது என் வேலை. பல மாதங்களாக ஒன்றைக்கூடத் திருப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுவந்திருக்கிறேன். அறிக்கையில் அதைத்தான் எழுதினேன்.

முதலாளி இரண்டுமுறை படித்தார். “கெமிஸ்ட்ரி படிச்சவருன்னுதான உங்கள வெச்சேன்? வரைஞ்ச ஆளும் நீங்களும் ரெண்டு பேருமா ஞாயித்துக்கெழம வந்து அந்தக் கப்பையெல்லாம் திரும்பப் போட்டுக் குடுங்க.”

போட்டோம். கைப்பிடி ஒட்டியபடி அக்கா பெயர்களைச் சொல்ல, நான் மேசைத் தூசியில் விரலால் வரைந்தேன். பட்டதாரியின் விடைகளில் பாதி தவறு. அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் சூளைக்குப் போகும் ஒவ்வொரு கோப்பையையும் கவிழ்த்துப் பார்த்தே அனுப்புகிறேன். அக்கா தேர்வில் தேறிவிட்டார், வரைவதையும் நிறுத்திவிட்டார். எல்லாக் கோப்பைகளின் அடிகளும் இப்போது வெறுமையாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் நான் சற்று நேரமெடுத்துத்தான் பார்க்கிறேன்.