சுத்துவழியின் சாக்பீஸ் பாதை

காலை பத்து பன்னிரண்டு. பாகூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது, தரையில் சாக்பீஸால் போட்ட ஊர்ப் படத்தின் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் தலைமை ஆபரேட்டரை.

"வில்லியனூர மிதிக்காதபா! சுத்தி வா" என்றார்.

புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துகளில் அவரைப் போல நேர்வழியைச் சந்தேகப்பட்டவர் கிடையாது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர். எங்கள் வாயில் சுத்துவழி. லைன் கெட்டால் தரையில் படம் போடுவார். ஒரு முறை எதிர்த்தெரு அரிசிக்கடைக்கு கடலூர், விழுப்புரம் வழியாகப் பேச வைத்தார். கடைக்காரர் சன்னலில் எட்டிப் பார்த்தே பதில் சொல்லியிருக்கலாம்.

அன்று கவுண்டரில் கொம்யூன் ஆபீஸ் பியூன் அந்தோணி நின்றார். கையில் காலைத் தபாலில் வந்த ஆர்டர். மகள் ஸ்டெல்லாவுக்கு ஏம்பலம் பள்ளியில் டீச்சர் வேலை. அன்று மாலை நாலு மணிக்குள் நேரில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும். ஸ்டெல்லாவோ அக்காள் பிரசவத்துக்காக மடுகரையில் இருந்தாள். முந்தின நாள் புயலில் பாகூரிலிருந்து மடுகரை போகும் சாலை தண்ணீருக்குள். மடுகரைக்குப் போகும் நேர் லைன் மேல் பனைமரம்.

"அங்கேர்ந்து ஏம்பலத்துக்கு நடந்தே போயிடுவா சார். சேதி மட்டும் போய்ச் சேரணும்."

நேர் லைன் கெட்டால் எந்த ஊருக்கு எந்த ஊர் வழி என்று எழுதிய லிஸ்டைப் பார்த்து, சுத்துவழி வயரை வில்லியனூர் லைனில் செருகினார். உடனே வில்லியனூரின் இரண்டாவது லைனில் அழைப்பு: மடுகரை வேண்டுமாம். அதையும் லிஸ்ட்படி மூன்றாவது லைனில் வில்லியனூருக்கே அனுப்பினார். அந்தோணி ரிசீவரில் "ஹலோ, மடுகரையா?" என்று கத்த, ஹெட்போனிலும் அதே குரல் மூன்று முறை கேட்டது.

"இன்னாபா, மடுகரையிலயும் ஒரு அந்தோணி மடுகரைய தேடறாரு?"

எழுந்து படத்தின் மேல் நடந்தார். பாகூர், வில்லியனூர், பாகூர், வில்லியனூர். நாலாவது சுற்றில் நின்றார்.

"யோவ், நாம அனுப்பறது நம்ம வூட்டுக்கே வந்துகினு இருக்குயா!"

மூன்று வயர்களையும் பிடுங்கிவிட்டு வில்லியனூர் ஆபரேட்டரம்மாவைப் பிடித்தார். இரண்டாவது ஆபரேட்டரான நான் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

"நான் அனுப்பறத எனக்கே இன்னாத்துக்குமா அனுப்பற?"

"மடுகரைன்னா பாகூர் வழின்னு லிஸ்ட்ல இருக்கு சார்."

"எந்தப் புத்திசாலி போட்ட லிஸ்ட்டு?"

"கீழ உங்க கையெழுத்துதான் சார்."

சுத்துவழி எங்கள் லிஸ்டின் அடியில் இருந்த கையெழுத்தைக் கட்டைவிரலால் மூடினார்.

"சரி, அத அடிச்சிடு. ஏம்பலம் வழியா போடு. இனிமே யார்கிட்டேர்ந்து வந்ததோ, அவங்களுக்கே திருப்பி அனுப்பாதே. இதையும் லிஸ்ட்ல எழுதிக்க. கையெழுத்து நீயே போட்டுக்க."

பதினொன்று ஐந்துக்கு, மடுகரையில் போன் இருந்த நெல் மில்லில் மணி அடித்தது. மில்காரர் ஸ்டெல்லாவை அழைத்து வந்தார். மகளின் குரல் கேட்டதும் அந்தோணி ரிசீவரைச் சுத்துவழியிடம் நீட்டிவிட்டார். சேதியைச் சுத்துவழியே சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் நேராகச் சொன்ன ஒரே சேதி அதுதான்.

மூன்றரைக்கு ஸ்டெல்லா ஏம்பலத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தோணி ஒரு கேக்கும், ஸ்டெல்லா டீச்சர் கொடுத்தனுப்பிய ஒரு பெட்டி சாக்பீஸும் கொண்டுவந்து வைப்பார். கேக்கைச் சுத்துவழி எங்களுக்குக் கொடுத்துவிடுவார். படம் போட மட்டும் பழைய துண்டுகளைத் தேடிக்கொண்டு மேசைக்கடியில் தவழ்வார்.

அவர் ஓய்வுபெற்ற அன்று இழுப்பறையைக் காலி செய்தோம். உள்ளே ஒன்பது சாக்பீஸ் பெட்டிகள் இருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.