மைனா, நைனா, பைனாகுலர்

காலடிப்பேட்டை கோதண்டம் ஒரு சபதம் செய்தான். மகள் தேன்மொழி முதன்முதலாக வாய் திறந்தால் 'நைனா' என்றுதான் சொல்லவேண்டும். 'அம்மா' என்று சொல்லிவிட்டால் அவனுடைய மானம் எண்ணூர்க் கழிமுகத்தில் மூழ்கிப்போகும்.

தேன்மொழிக்குப் பெயரில்தான் மொழி இருந்தது. வாயில் இன்னும் வரவில்லை. பதினோரு மாதத்துப் பிள்ளை. சிரிப்பாள், கத்துவாள், கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்து ருசி பார்ப்பாள். பேச்சு மட்டும் எச்சிலோடு நின்றுவிடும்.

சபதத்துக்கு மூல காரணம் ஞாயிற்றுக்கிழமை. கோதண்டம் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். ஆறு நாள் கிரேன்களோடு மல்லுக்கட்டுவான். ஏழாம் நாள் ரயிலேறி எண்ணூருக்குப் பறவை பார்க்கப் போய்விடுவான். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்டுப் போன சாமான்களில் ஒரு பைனாகுலர் அவன் கைக்கு வந்தது. அன்று பிடித்த பைத்தியம். அதில் ஒரு கண்ணாடியில் விரிசல். ஒரு கொக்கு நின்றால் அவனுக்கு இரண்டாகத் தெரியும். ஆகவே ஊரில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பறவை பார்த்தவன் என்று தன்னைப் பற்றி அவனுக்கு ஓர் எண்ணம். உப்பளத்தில் யாரோ கழியில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டையை அரைமணி நேரம் உற்றுப் பார்த்து, "ஒத்தைக் கால்ல தூங்கற நாரை" என்று தீர்ப்புச் சொன்னவனும் அவன்தான். சட்டைக்காரர் வந்து நாரையை மாட்டிக்கொண்டு போனார்.

மனைவி மலர்க்கொடிக்குப் பறவைகள்மேல் பகை ஒன்றுமில்லை. இடுப்பில் பிள்ளை, அடுப்பில் குழம்பு என்று வாரம் முழுதும் ஓடுகிறவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உட்கார்ந்து, ஆவி பறக்கிற சோற்றை, யாரும் வந்து தட்டில் கைவிடாமல், தின்று பார்க்க வேண்டும்.

"இன்னாய்யா, இன்னிக்கும் கெளம்பிட்டியா? அந்த நைனாகுலரை மாட்டிகினு?"

"நைனாகுலர் இல்லம்மே. பைனாகுலர்."

"இன்னா கண்றாவியோ. கொயந்தையயும் இட்டுகினு போயேன். அதுவும் ரெண்டு கொக்கு பாக்கட்டும்."

"என்கிட்ட வந்தா அயுவும் மலரு. அதுக்கு நீதான் வோணும்."

"ஏன், நீ இன்னா எதுத்த வூட்டுக்காரனா?"

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. "பாத்துகினே இரு. அது மொதல்ல கூப்புடப் போறது என்னியத்தான்."

"பகல் பூரா கூடவே கீறது நானு. கூப்புடப் போறது உன்னியா?"

"பந்தயம் கட்டறியா?"

"இன்னா பந்தயம்?"

"நைனான்னு சொல்லிச்சின்னா, ஞாயித்துக்கெயமை நான் கெளம்பறப்ப நீ வாயே தொறக்கக்கூடாது. அம்மான்னு சொல்லிச்சின்னா, பைனாகுலரைத் தூக்கிப் பரண்மேல போட்டுட்டு நான் வூட்லயே குந்திகினு கீறேன்."

மலர்க்கொடி பிள்ளையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். அந்த நேரத்துக்குள் யோசித்து முடித்துவிட்டாள்.

"சரி. வாய் தொறக்க மாட்டேன்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டாளே என்று அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் பட்டறையில் நட்டு முறுக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் வீட்டிலேயே இருந்துகொண்டு காலை முதல் மாலை வரை 'அம்மா, அம்மா' என்று ஓதுவாள். அவனோ துறைமுகத்தில் கிடப்பான். வீட்டுக்குள் அவன் கட்சிக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் என்றால் மனுஷனாகத்தான் இருக்க வேண்டுமா?

இரண்டு தெரு தள்ளி மதார் சாகிப் வீடு. புறாவும் கிளியும் வளர்த்து விற்கிறவர்.

"பேசற பறவை ஒண்ணு வோணும் பாய்."

"கிளி தரேன் மாமு. ஷோக்கா பேசும்."

"கிளி வோணாம். மைனா குடு. மைனான்ற பேர்லயே பாதி வேலை முடிஞ்சி கீது. 'மை'ய மாத்தி 'நை' போட்டா நைனா. அதுக்கு சொல்றதுக்கு சுளுவு."

மதார் சாகிப் தாடியைத் தடவிக்கொண்டார். "தோஸ்து, அது பேரு மைனான்னு அதுக்கே தெரியாதே."

கோதண்டம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூண்டும் கையுமாக வீடு வந்து சேர்ந்தான்.

பாடம் ஆரம்பமானது. தினம் காலையில் வாயில் பல்பொடியோடு கூண்டுக்கு முன்னால் நிற்பான். "நைனா. நைனா. நைனா." மைனா தலையைச் சாய்த்து, மஞ்சள் கரை போட்ட கண்ணால் அவனை அளந்து பார்க்கும். ஊறவைத்த கடலையைத் தின்னும். பிறகு ஒரே ஒரு பதில் சொல்லும். அது அவன் சட்டையில் விழும்.

அடுத்த வீட்டுப் பூவம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா கோதண்டம், பறவையைப் பாத்து நைனா நைனான்றே? செத்துப்போன உங்க நைனா திரும்பி வந்துட்டாரா?"

"இல்ல பூவம்மா. அத்த சொல்லச் சொல்றேன்."

"யாரை நைனான்னு?"

"என்னை."

"ஐயே! அப்போ மலருக்கு ரெண்டாவது பொறந்துடுச்சின்னு சொல்லு!"

குடம் நிறைவதற்குள் செய்தி தெருவில் வழிந்தது. கோதண்டம் வீட்டில் இன்னொரு பிள்ளை, மூக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

வாரங்கள் போயின. பறவை வாய் திறக்கவில்லை. இது மைனாதானா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுவரோரம் போய் நின்று பைனாகுலரால் பார்த்தான். இரண்டு மைனா தெரிந்தன. இரண்டுமே பேசவில்லை.

மலர்க்கொடிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "வுடுய்யா. வேலைக்கு நேரமாவுது. அத்த நான் பாத்துக்கறேன்."

"நீயா? நான் அப்பால போனதும் அம்மான்னு சொல்லிக் குடுத்துடுவே."

"வடிவுடையம்மன் சத்தியமா, அது எதுக்க அம்மான்ற வார்த்தையே என் வாயில வராது. போதுமா?"

திருவொற்றியூர்க்காரி வடிவுடையம்மன்மேல் பொய்ச் சத்தியம் செய்யமாட்டாள். அவன் நிம்மதியாக வேலைக்குப் போனான்.

ஒரு நாள் மாலை. கிரீஸ் படிந்த கையோடு வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல்.

"நைனா!"

கையிலிருந்த சாப்பாட்டுக் கேரியர் கீழே விழுந்து உருண்டது. கூண்டில் மைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கூண்டுக்குக் கீழே தேன்மொழி. பறவையை அண்ணாந்து பார்த்தாள். கேரியர் சத்தத்துக்குத் திரும்பி அவனைப் பார்த்தாள். கீழுதடு முன்னால் நீண்டது.

"நை... னா!"

சொல்லிவிட்டுத் தவழ்ந்து வந்து அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கோதண்டம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். டன் கணக்கில் இரும்பு தூக்குகிற கிரேனையே அடக்குகிறவன். இரண்டு எழுத்தைத் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கிரீஸ்.

"ஜெயிச்சிட்டய்யா," என்றாள் மலர்க்கொடி. அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோற்றுப்போன துக்கம் என்று நினைத்துக்கொண்டு அவன் தெருவுக்கெல்லாம் காராபூந்தி வாங்கிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு தேன்மொழிக்கு உலகத்தில் அந்த ஒரே வார்த்தைதான். பாலுக்கு நைனா. எறும்பு கடித்தால் நைனா. விழுந்தால் நைனா, எழுந்தால் நைனா. கோழி கூவுமுன்பே நைனா.

"இன்னாய்யா, காது கேக்கல? உன்னியத்தான் கூப்புடுது."

அவன் எழுந்து போனான். பெருமையாகத்தான் இருந்தது. தூக்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பைனாகுலர் கழுத்தில் ஏறியது. கோதண்டம் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். பந்தயம் பந்தயம்தான். மலர்க்கொடி வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியில் கால் வைத்தான்.

"நைனா!"

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தேன்மொழி. இன்னோர் அடி வைத்தான்.

"நைனாஆஆ!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்த வீட்டிலிருந்து பூவம்மாவும் வெளியே வந்துவிட்டாள்.

"இன்னா மன்சன்யா நீ? பெத்த கொயந்தை நைனா நைனான்னு கதறுது. நீ கொக்கு பாக்கப் போறே!"

அவன் மலர்க்கொடியைப் பார்த்தான். ஏதாவது சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் சொல்லவில்லை. பிள்ளையை இடுப்பிலிருந்து எடுத்து, பைனாகுலருக்குப் பக்கத்தில், அவன் கழுத்தில் பத்திரமாக மாட்டிவிட்டாள்.

எண்ணூரில் அன்றைக்குப் பார்த்து பூநாரைகள் வந்திருந்தன. சட்டை இல்லை, நிஜமான பூநாரைகள். கழிமுகத்துச் சேற்றில் கூட்டமாக, ரோஜா நிறத்தில், தலைகீழாக மேய்ந்துகொண்டிருந்தன. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு பைனாகுலரைக் கண்ணில் வைத்தான்.

"நைனா!" என்றாள் தேன்மொழி, அவன் காதுக்குள்.

கூட்டம் முழுதும் எழும்பிப் பறந்தது. அவன் பார்த்தது பூநாரைகளின் பின்பக்கம் மட்டும். அதுவும் இரண்டு மடங்கு.

பிற்பகலில் வீடு திரும்பினான். முகம் வெயிலில் கருகி, சட்டை ஒரு பக்கம் நனைந்து, தோளில் தூங்குகிற பிள்ளையோடு. மலர்க்கொடி எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டு முடித்து, தலையை விரித்துப் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவ்வளவு தெளிவாகப் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று அவனுக்கே தோன்றியது. கோபப்பட முடியவில்லை. கூண்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

"எல்லாம் உன்னாலதான்டா," என்றான்.

ஆள் வந்து உட்கார்ந்ததும் மைனாவுக்குப் பாடம் ஞாபகம் வந்துவிட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டது. இந்தத் தடவை முழுப் பாடமும் ஒப்பித்தது.

"நைனா! நைனாகிட்ட போ கண்ணு! நைனா தூக்கும்! போ, போ, நைனாகிட்ட போ!"

கோதண்டம் பறவையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். கூண்டுக்குள்ளிருந்து வந்தது அவளுடைய குரல். அதே இழுப்பு, அதே கொஞ்சல்.

"அடிப்பாவி! மைனாவுக்கு நைனா கத்துக் குடுத்தது நீயா?"

"பின்ன? நீ கத்துக் குடுத்தா அது கத்துகினுச்சி?"

"பந்தயத்துல நீயே தோக்கறதுக்கு நீயே சொல்லிக் குடுத்தியா? உனுக்கு இன்னா பைத்தியமாம்மே?"

மலர்க்கொடி சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி ஊதித் தள்ளினாள்.

"அம்மான்னு கூப்புட்டா நான்தானய்யா ஓடணும்?"