வெள்ளிக்கிழமைக்குள் டெர்மினேட்

குணபூசணி அந்தக் கடிதத்தை நான்காவது முறையாக மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். காப்பார் சோளப்பண்ணைக்குக் கணக்கெழுதும் கிராணியாக வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ஓர் ஆளை வேலையை விட்டு நிறுத்த வேண்டும்.

திங்கட்கிழமை பெட்டாலிங் ஜெயாவிலிருந்து மேனேஜர் சண்முகரத்தினம் போனில் பேசினார். இரைச்சலுக்கு நடுவே இவ்வளவுதான் கேட்டது.

"முகுனா... டெர்மினேட் பண்ணிடு... மெக்கானிக்... வெள்ளிக்கிழமைக்குள்ள."

திருப்பிக் கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. "எஸ் சார்" என்றாள்.

பண்ணையில் முகுனா ஒருவன்தான். முகுந்தன் என்று அப்பா சொன்ன பெயரைப் பிறப்புப் பத்திரம் எழுதியவர் அப்படி ஆக்கிவிட்டார். மெக்கானிக்கும் அவன் ஒருவன்தான். வேலை போனால் கம்பெனி வீடும் போகும். மனைவி வீரம்மாவுக்கு இது ஒன்பதாவது மாதம்.

புதன்கிழமை கடிதத்தோடு பட்டறைக்குப் போனாள். முகுனா இரும்பு உருளைமேல் பட்டைகளை வெல்டிங் செய்துகொண்டிருந்தான். சோளம் விதைக்குமுன், நிலத்தை மூடியிருக்கும் கொடியை அந்த உருளையால் நசுக்க வேண்டும். வெட்டினால் துளிர்க்கும். தண்டு நசுங்கினால்தான் அப்படியே படுத்துக் காய்ந்து மண்ணுக்குப் போர்வையாகும்.

"என்ன மிஸ், லெட்டரா?"

"இல்லண்ணே... லீவு. ரெண்டு நாள் வீட்டுல இருங்க."

"ரோலரை யாரு ஓட்டுவா?"

"மண்டோர் பார்த்துக்குவாரு."

வீட்டிலிருக்கும்போது கடிதம் வந்தால், உட்கார்ந்தாவது படிப்பான் என்று அவள் நினைத்தாள்.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நாகையா பார்த்துக்கொண்டார். உருளைக்குள் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. வெற்று உருளை கொடியின் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது. கொடி நிமிர்ந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். கொடி அச்சில் சுற்றிக்கொள்ள, டிராக்டர் வாய்க்காலில் இறங்கியது.

"முகுனா இல்லாம ஒண்ணும் ஆவாதுலா மிஸ்!"

"அப்ப... இதை அவர்கிட்ட குடுத்துடுங்க மண்டோர்." கடிதத்தை அவர் கையில் திணித்துவிட்டு கிள்ளான் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வியாழன் காலை அவள் மேசைமேல் கேசரி இருந்தது.

"முகுனா வீட்டுல குடுத்தாங்க," என்றார் நாகையா. "லெட்டரை நான்தான் படிச்சுச் சொன்னேன். கம்பெனி முத்திரை சாப்பெல்லாம் குத்தியிருந்துச்சு. டெர்மினேட்டுன்னா பெர்மனென்ட்டுதானே?"

இரண்டு கரண்டி தின்ற பிறகுதான் குணபூசணிக்கு விஷயம் உறைத்தது. சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள்.

பத்து மணிக்கெல்லாம் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார்கள். டிராக்டர் வாய்க்காலிலேயே கிடந்தது.

"மிஸ்ஸைத் திட்டாதீங்கடா, மேல சொல்லியிருக்காங்க," என்றான் முகுனா.

வீரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பிள்ளை பொறக்குற வரைக்கும் வீட்டுல இருந்துக்கலாமா மிஸ்?"

குணபூசணி டைப்ரைட்டரில் தாளைச் செருகி, தன் ராஜினாமாவை அடித்தாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜரின் ஜீப் வந்து நின்றது. பட்டறை வாசலில் கூட்டம். அதற்குப் பின்னால் பரந்து கிடந்தது நிலம்.

"குணபூசணி, முகுனாவை ஏன் இன்னும் டெர்மினேட் பண்ணல?"

"பண்ணிட்டேன் சார்."

"பண்ணிட்டியா? அதோ, பச்சைப் பசேல்னு நிக்குதே!"

முகுனா தன் பச்சைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"நிக்குதா?" நாகையா முன்னால் வந்தார். "மனுசன் சார் அவன்! அது இதுன்னு பேசாதீங்க!"

சண்முகரத்தினம் அவரைக் கவனிக்கவில்லை. "இன்னைக்கே நசுக்கணும். விட்டா தலைக்கு மேல ஏறிடும்!"

வீரம்மா கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குணபூசணி ராஜினாமாவை நீட்டினாள். "இவரை நசுக்குறதுன்னா நானும் போறேன் சார்."

"எவரை?" என்றார் மேனேஜர்.

ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்த டிரைவர் பக்கிரிசாமி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அடக் கடவுளே! தங்கச்சி, முகுனாங்கிறது இந்தக் கொடிக்கு மேலாபீஸ்ல சொல்ற இங்கிலீஷ் பேரு. ஐயா டெர்மினேட் பண்ணச் சொன்னது மெக்கானிக்கை இல்ல, மருந்தடிக்காம மெக்கானிக்கலா!"