ஆரணியில் கைத்தடி எடுத்த வைபவம்

மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாளுக்குப் பிறகு, நடை சம்பந்தமாக நிகழ்ந்த மாபெரும் சம்பவம் ஆரணியில் எங்கள் தெருவில்தான் நிகழ்ந்தது. பட்டு வியாபாரி தனசேகரன், தம் தந்தை பச்சையப்பனுக்குக் கைத்தடி எடுத்தார். வாங்கவில்லை, 'எடுத்தார்'. கல்யாணப் பட்டு எடுப்பது போல.

பெரியவரின் கோரிக்கை மிக எளியது.

"தெருமுனை வரைக்கும் நானே நடந்துபோய் ஒரு டீ குடிச்சிட்டு வரணும்பா. யார் தோளையும் புடிச்சிகினு இல்ல."

இதைப் பரிசீலிக்க அமைந்த உயர்மட்டக் குழு: தனசேகரன், அவர் மனைவி ஜெயப்ரியா, பக்கத்து வீட்டுக்காரன் என்ற தகுதியில் நான். பெரியவர் குழுவில் இல்லை.

சர்ஜிக்கல் கடை அலனுக்கு இந்தச் சம்பிரதாயம் புரியவில்லை.

"பெரியவரைக் கூட்டிகினு வாங்கண்ணா. நிக்கவெச்சி, மணிக்கட்டு உயரம் பாத்துதான் குடுக்கணும்."

"அவருக்கு இன்னாபா தெரியும்? மொத தடியைப் பாத்ததுமே போதும்னுடுவாரு" என்றார் தனசேகரன்.

ஜெயப்ரியா ஒவ்வொரு தடியையும் தெருவுக்குக் கொண்டுபோய், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ட்யூப்லைட்டை நம்பி நிறம் பார்ப்பவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. கடைசியில், பொன்னிறப் பூண் போட்ட அரக்கு நிறத் தடி ஏகமனதாகத் தேர்வானது. ஒரே குறை, அடியில் இருந்த கறுப்பு ரப்பர்.

"பார்டருக்கு ஒட்டவே இல்ல. கழட்டிடுங்க."

"அக்கா, அது இல்லாட்டி வழுக்கும்!"

"ஜல்தி கழட்டுப்பா. பேஜார் பண்ணாத."

வீட்டுக்கு வந்ததும் பெரியவர் ஆசையோடு தடியை ஊன்றினார். டைல்ஸ் தரையில் தடி ஒரு பக்கம் போனது. அவர் மறுபக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, பூண்ல கீறல்!" என்று பதறினார் ஜெயப்ரியா. "மாமா ரொம்ப ரஃப்பா யூஸ் பண்றாரு."

அன்றே தடி வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் குடியேறியது. 'விசேஷங்களுக்கு மட்டும்' என்று தீர்மானம் நிறைவேறியது. ஒரே பக்கமாகக் கிடந்தால் நலுங்கிவிடும் என்று அவ்வப்போது புரட்டி வைக்கவும் ஏற்பாடு.

போன ஞாயிறு, செய்யாரில் உறவினர் கல்யாணம். சொந்தபந்தங்கள் பார்க்க ஆசைப்பட்டதால், தடி காரின் முன் சீட்டில் வந்தது. மண்டபத்தில் கைமாறிக் கைமாறி எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். மணமக்களோடு படமும் எடுத்துக்கொண்டது.

பந்தியில் ஒருவர் கேட்டார்: "தடி சூப்பருங்க. அப்பாவை எங்க காணோம்?"

தனசேகரன் இலையைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டார்.

"எப்படிங்க கூட்டிகினு வர்றது? அவரால நடக்க முடியலையே."